சப் டீக் ஹை, சாப்

தம்பி, அந்த ஜன்னலோரம் எனக்குக் குடுக்கறீங்களா? கோவிச்சிக்காதீங்க. கடைசி சீட்டுல, முதுகுக்குப் பின்னால ஒண்ணு சாஞ்சிக்க இருந்தாத்தான் எனக்கு உக்கார வரும். வயசாயிட்டா ஆளுக்கு ஒரு கிறுக்கு. ஆங், நல்லா இருப்பீங்க. இந்தக் கவரு என் மடிமேலயே இருக்கட்டும், மேல வெச்சா கசங்கிடும். கோட்டு. அயர்ன் பண்ணி எடுத்துகினு போறன்.

நான் ஜெயில் ஸ்டாப்பிங்ல எறங்கறன். இன்னா அப்படிப் பாக்கறீங்க? உள்ள இருந்தவன் இல்ல தம்பி, உள்ள இருக்கறவங்களப் பாக்கப் போறவன். சுபேதார் தணிகாசலம், ரிடையர்டு. எங்க பக்கத்துல ஊட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரன் இருப்பான். நூறு பேரு பட்டாளத்துக்குப் போனா ஒருத்தன் ரெண்டு பேரு ஜெயிலுக்கும் போவான். வரப்புத் தகராறு, குடி, பங்காளிச் சண்டை. போனான்னா அவனை எல்லாரும் மறந்துடுவாங்க. கல்யாணப் பத்திரிகையில பேரு போடமாட்டாங்க. சங்கத்துல சந்தா வாங்கமாட்டாங்க. அவங்களுக்குத்தான் நான் போறன். எவனும் போகச் சொல்லல, நானாத்தான் போறன். பஸ் சார்ஜு கூட என் கைக்காசு.

இன்னா செய்வேன்னு கேக்கறீங்களா? இருக்குது தம்பி, ஏகப்பட்டது இருக்குது. பென்ஷன் வாங்கறவன் வருஷா வருஷம் நவம்பர் மாசம் "நான் உயிரோடதான் இருக்கறன்"னு காட்டணும். காட்டலன்னா பென்ஷன் நின்னுடும். வெளிய இருக்கறவன் போய்க் கைரேகை வெச்சிட்டு வந்துடுவான். உள்ள இருக்கறவன்? ஒரு தடவை நான் ஒரு சிப்பாய்க்காக ஆபீஸ்ல போய்க் கேட்டன். அந்தப் பொண்ணு சொல்லுது, "ஆளை நேர்ல இட்டுகினு வாங்க சார்"ன்னு. "அம்மா, ஆளு ஜெயில்ல இருக்கறாரு"ன்னன். "அப்ப ரிலீஸ் ஆனதும் வரச் சொல்லுங்க"ன்னுது. "ரிலீசுக்குப் பத்து வருஷம் இருக்குதும்மா, அதுவரைக்கும் அவன் பொண்டாட்டி காத்தைக் குடிச்சிகினு இருப்பாளா?"ன்னு போட்டன் பாருங்க ஒரு சத்தம். ஆபீசே எழுந்து நின்னுச்சு. அப்புறம் ஜெயில் அதிகாரியே கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்னு ஒரு வழி இருக்கறதைக் கண்டுபிடிச்சி, வாங்கிக் குடுத்து, நின்னுபோன பென்ஷனை மறுபடியும் வர வெச்சன்.

அதுல இருந்து ஆரம்பிச்சதுதான். ஒருத்தன் பொண்ணுக்குப் படிப்பு உதவி, ஒருத்தன் சம்சாரத்துக்கு ஆஸ்பத்திரி கார்டு, ஒருத்தனுக்குக் குளுருக்கு ஸ்வெட்டரு. ஜெயிலு கேட்டுல இருக்கற வார்டருங்க எல்லாம் எனக்கு சல்யூட் வெப்பாங்க. அதுல ரெண்டு பேரு நம்ம எக்ஸ்-சர்வீஸ்மேன்தான். மனு போட்டுப் பாக்கற எடத்துல ஜனம் ஈ மாதிரி மொய்க்கும், கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூச்சல். நான் போனா மட்டும் நாற்காலி போடுவாங்க. மரியாதை தம்பி. அது கேட்டு வாங்கறது இல்ல.

ஆனா நல்லதுக்குக் காலம் இல்ல. அதைத்தான் உங்களாண்ட சொல்ல வரன். நேத்து எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு ஒரு பொம்பள என்னைப் பாத்து, "நாளைக்கு நீங்க வராதீங்க அய்யா"ன்னு சொல்லிட்டுப் போறா. யாரு? நான் யாரு குடும்பத்துக்கு நாயா ஓடினனோ அவ. கோமளா. முனிரத்தினம் பொண்டாட்டி.

முனிரத்தினம் என் ஆளு. நான் ஹவில்தாரா இருக்கும்போது என் செக்‌ஷன்ல சேந்தவன், பக்கத்து ஊருக்காரன். அரும்பு மீசை, எலும்பும் தோலுமா வந்தான், பொட்டி தூக்கத் தெம்பு இல்லாம. நான் செஞ்சன் அவனை. எப்படி நடக்கறது, எப்படி நிக்கறது, பூட்ஸ் எப்படி பாலீஷ் போடறது, எல்லாம். நாயக் வரைக்கும் வந்துட்டுத்தான் ரிடையர் ஆனான். ஊருக்கு வந்து ரெண்டு மாடு, கொஞ்சம் நெலம், ஒரு பொண்ணு. யாராண்டயும் ஒரு வார்த்தை அதிகமாப் பேசமாட்டான். தங்கமான பையன்.

போன வருஷம் அவன் தெருவுல ஒரு சாவு. எங்க பக்கம் சாவு எடுத்தா சும்மா எடுப்பாங்களா? மோளம், பூ, வெடி. அந்தச் சவ ஊர்வலம் இவன் ஊட்டு வாசலுக்கு வரும்போது பலராமன்னு ஒருத்தன், செத்தவருக்குப் பேரன் முறை, ஒரு வெடிச் சரத்தை எடுத்து இவன் மாட்டுக் கொட்டாய் ஓரமாப் பத்த வெச்சிட்டான். முனிரத்தினம் உள்ள சோறு தின்னுகினு இருந்தானாம். எச்சக் கையோட வந்தான், மம்முட்டிக் காம்பை எடுத்தான், பலராமன் மண்டையிலயே போட்டான். ஒரே அடி இல்ல. நாலஞ்சு அடி. பலராமன் பொழைச்சிக்கினான், ஆனா ஒரு பக்கம் கை கால் வரல. சின்ன வயசு. அவனைப் பெத்தவ இன்னிக்கும் அந்தத் தெருவுல மண்ணை வாரித் தூத்திகினு இருக்கறா, பாவம், அதையும் சொல்லணும் இல்ல.

அடிச்சவன் ஓடினானா? அதான் இல்ல. கீழ உக்காந்து, தன் தோள்ல இருந்த துண்டை எடுத்து, பலராமன் தலையில இறுக்கிக் கட்டினானாம். அவன் மணிக்கட்டைப் புடிச்சிகினு, "ஸ்ட்ரெச்சர் லாவோ, ஸ்ட்ரெச்சர் லாவோ"ன்னு இந்தியில கத்தினானாம், ஸ்ட்ரெச்சர் கொண்டாங்கன்னு. ஆம்புலன்ஸ் வந்தும் கையை வுடல. போலீஸ்காரங்க நாலு பேரு இழுத்துத்தான் பிரிச்சாங்க. இதை அந்த வக்கீலம்மா பெருசாப் பேசிச்சு. நான் சொன்னன், இதுல இன்னா இருக்குது? முதலுதவி. நாங்க குடுத்த டிரெய்னிங்கு அது. அடிச்சது தப்பு, ஆனா அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டான் பாருங்க, அங்க நிக்கறான் பட்டாளத்துக்காரன்.

வக்கீலம்மா யாருன்னு சொல்லல இல்ல. பெனிட்டான்னு பேரு. ஜெயில்ல இருக்கற ஏழைங்களுக்கு வாதாட கோர்ட்டு ஏற்பாடு பண்ற வக்கீலு. சின்னப் பொண்ணு, தோள்ல ஒரு பை, கால்ல ரப்பர் செருப்பு. குத்தம் சொல்லக் கூடாது, நல்ல உழைப்பாளி. ஆனா எடுத்த எடுப்புலயே என்னாண்ட கேட்டுது: "சார், முனிரத்தினம் சர்வீஸ்ல இருக்கும்போது ஏதாவது பெருசா நடந்திருக்குதா?"ன்னு.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் நடந்துது"ன்னு சொன்னன்.

நடந்ததைச் சொல்றன், நீங்களே சொல்லுங்க. மேல, பார்டர் மலையில ஒரு போஸ்ட்டு. பனி. நாங்க ஒம்பது பேரு. பொழுது சாயற நேரம், டீ வெச்சிகினு இருக்கறோம், ஒரு பீரங்கி ஷெல் வந்து வுழுந்துது. ரெண்டு பேரு அந்த எடத்துலயே போயிட்டாங்க. கோபிநாதன்னு ஒரு மலையாளிப் பையன், முனிரத்தினத்துக்கு உயிரு. ஒரே தட்டுல சாப்புடுவானுங்க. அவனுக்கு வயித்துல அடி. கீழ எறக்க ஸ்ட்ரெச்சரு வரணும். வழியெல்லாம் ஷெல்லிங்கு, எவன் வருவான்? முனிரத்தினம் அவன் கையைப் புடிச்சிகினு உக்காந்தான். விடியறப்ப நான் போய்ப் பாக்கறன், கோபிநாதன் எப்பவோ போயிட்டான், கட்டை மாதிரி வெறைச்சிப் போயிருக்கறான். இவன் இன்னும் கையை வுடல. இழுத்தா இன்னும் இறுக்கறான். அப்புறம் நான் பக்கத்துல உக்காந்து, இவன் ஊரு ஏரியில மீன் புடிக்கற கதை எதையோ பேசிக்கினே, சுண்டு வெரல்ல இருந்து ஒவ்வொரு வெரலா எடுத்துவுட்டன்.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் இன்னா செஞ்சன் தெரியுமா? பனியை உருக்கித் தண்ணி வெச்சி, மிச்சம் இருந்த எல்லாரையும் ஷேவ் பண்ண வெச்சன். ஆமா! கம்பெனி கமாண்டர் வயர்லெஸ்ல கேட்டாரு, "தணிகாசலம், அங்க எப்படி இருக்குது?"ன்னு. மூணு பேரைப் படுக்க வெச்சி கம்பளி போத்தியிருக்கறன் பக்கத்துல. செத்தவங்க கணக்கைச் சொன்னன், அப்புறம் சொன்னன், "பாக்கி சப் டீக் ஹை, சாப்." மத்ததெல்லாம் சரியா இருக்குதுன்னு. பட்டாளத்துல அதுதான் தம்பி பதிலு. ராத்திரி காவல்ல கேட்டாலும் அதான், ஆஸ்பத்திரிக் கட்டில்ல கேட்டாலும் அதான். பெரியவரு வந்து கேட்டா குதிகாலைச் சேத்து, நெஞ்சை நிமித்தி, சப் டீக் ஹை சாப். வேற பதிலு கெடையாது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் சரியாவும். நாங்க எல்லாரும் அப்படித்தான் சரியானோம்.

எனக்கு ஒண்ணியும் இல்லையே, பாருங்க. தீபாவளிக்கு மட்டும் நான் ஊர்ல இருக்கமாட்டன், ஏதாவது மலைக்கோயிலுக்குப் போயிடுவன். பக்திதான். எங்க ஊட்டுக்காரி தனி ரூம்ல படுத்துக்குவா, நான் தூக்கத்துல கை வீசறன்னு. ஒரு தடவை அவ கழுத்து மேல கை பட்டுடுச்சு. வயசானா யாருக்குத்தான் நல்ல தூக்கம் வருது, சொல்லுங்க.

எங்க வுட்டன்? ஆங், கோமளா. அவளுக்கு நான் செய்யாதது இல்ல. முனிரத்தினம் உள்ள போனதும் பாங்கி அக்கவுண்ட்டு, ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் கெடந்து சிக்கிடுச்சு. நவம்பர் வந்துது, பென்ஷனும் நின்னுது. மாட்டை வித்துட்டா. நான்தான் அலைஞ்சி, உயிரோட இருக்கறான்னு ஜெயில்ல எழுதி வாங்கி, எல்லாத்தையும் நேர் பண்ணன். பென்ஷன் வந்த அன்னிக்கு அவ என் கால்ல வுழுந்தா. "நீங்க எங்க சாமி அய்யா"ன்னா. இதே வாயிதான்.

அதுக்கு நடுவுல இந்தப் பெனிட்டாம்மா ஒரு காரியம் பண்ணிச்சு. ஜெயில் ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ஒருக்கா ஒரு மனநல டாக்டர் வருவாரு, அவராண்ட முனிரத்தினத்தை உக்கார வெச்சிடுச்சு. மொதல்ல வாயே தொறக்கலையாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பேச ஆரம்பிச்சானாம். கோபிநாதன் பேரைச் சொன்னானாம். அழுதானாம். கோமளா வந்து எங்கிட்ட சந்தோஷமா சொல்றா, "அய்யா, அவரு இருபது வருஷத்துல மொதல் தடவையா அழுதாரு"ன்னு. அழுதானாம்! அதுல இன்னா சந்தோஷம்? எனக்கு நெஞ்சுல யாரோ ஒதைச்ச மாதிரி இருந்துது.

பெனிட்டாம்மா விளக்கிச் சொல்லிச்சு. டாக்டருங்க கூடி உக்காந்து இவனுக்குப் பட்டாளத்துல பட்ட அடியால மனசு நோவுன்னு எழுதிட்டா, கோர்ட்டு இவனை ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு அனுப்பும், ஜாமீனுக்கும் வழி பொறக்கும். அதோட, அந்த நோவுக்குன்னு பட்டாளத்துல தனிப் பென்ஷன், வைத்தியம் எல்லாம் உண்டு, எழுதிக் கேக்கலாம். "உங்களுக்குத் தெரியாததா சார்?"ன்னுது.

தெரியும். எனக்குத் தெரியாம இன்னா? கை போனவனுக்கு, கண்ணு போனவனுக்கு, காது கேக்காம போனவனுக்கு எல்லாம் அந்தப் பென்ஷன் நான் வாங்கித் தந்திருக்கறன். இதை மட்டும் எவனுக்கும் சொன்னது இல்ல. உள்ள இருக்கறவங்கள்ல எத்தினியோ பேரு தூக்கம் வரல, தலைக்குள்ள சத்தம் கேக்குதுன்னு எங்கிட்டயே சொல்லியிருக்கறானுங்க. "ஒடம்பை அசைச்சி ரெண்டு ரவுண்டு ஓடுடா, சரியாப் போவும்"னு சொல்லி அனுப்பிடுவன். மண்டைக்குன்னு பென்ஷன் கேட்டா ஊரு இன்னா சொல்லும்? பைத்தியம்னு சொல்லும். அவன் பொண்ணுக்கு நாளைக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்? ரெஜிமெண்டு பேரு இன்னா ஆவும்? நீங்களே சொல்லுங்க, நான் கெட்டது நெனைச்சனா?

சரி, டாக்டருங்க கூடற நாள் வந்துது. நான் யோசிச்சன். பையன் ஒத்தையா உக்காந்திருப்பான், பயந்துடுவான். நம்ம ஆளு ஒருத்தர் நின்னா தைரியமா இருக்கும். அதான் போனன். இந்தக் கோட்டைப் போட்டுகினு, எல்லா மெடலையும் குத்திகினு, தொப்பி வெச்சிகினு. நெசமாத்தான் சொல்றன் தம்பி, அவனுக்குத் தைரியம் குடுக்கத்தான் போனன்.

வார்டரு சல்யூட் வெச்சி உள்ள வுட்டாரு. கதவு பாதி தொறந்திருந்துது. உள்ள மூணு டாக்டருங்க. முனிரத்தினம் ஸ்டூல்ல உக்காந்திருக்கறான், லுங்கி, கசங்கின சட்டை, குனிஞ்சி, கண்ணுல தண்ணியா ஊத்துது. கை ரெண்டையும் இப்படி முன்னால நீட்டி, எதையோ புடிச்சிகினு இருக்கற மாதிரி வெச்சிகினு, சொல்லிகினு இருக்கறான்: "சூடு போகப் போக எனக்குத் தெரிஞ்சுது சார், கையில தெரிஞ்சுது..."ன்னு. எனக்கு அதுக்கு மேல கேக்க முடியல. தொண்டையைக் கனைச்சன். அவ்வளவுதான் செஞ்சன். சாமி சத்தியமா ஒரு வார்த்தை பேசல.

நிமிந்தான். என்னைப் பாத்தான். கோட்டைப் பாத்தான். எழுந்தான் பாருங்க! வெறும் காலு, ஆனா குதிகாலு சேர்ற சத்தம் ரூம் பூராக் கேட்டுது. கண்ணைத் தொடைக்கக் கூட இல்ல, தண்ணி பாட்டுக்கு வழியுது, நெஞ்சு நிமிந்துடுச்சு, கை தொடையில ஒட்டிகிச்சு. "சப் டீக் ஹை, சாப்!"

டாக்டரு பதறிப்போய், "உக்காருங்க முனிரத்தினம், நீங்க சொல்லிகினு இருந்ததைச் சொல்லுங்க"ன்னாரு. "ஒண்ணும் இல்ல சார். எல்லாம் சரியா இருக்குது சார்." "தூக்கம் வருதா?" "நல்லா வருது சார்." "சத்தம் கேட்டா?" "ஒண்ணும் இல்ல சார்." எது கேட்டாலும் அதான். என்னை வெளிய போகச் சொல்லி, கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்களாம். அப்பவும் அதான். எனக்கு ஒடம்பு புல்லரிச்சிப் போச்சு தம்பி. எத்தினி வருஷம் ஆயிடுச்சு, ஜெயிலு, கேசு, அவமானம், எல்லாம் பட்டும் அவன் மறக்கல பாருங்க. நான் சொல்லிக் குடுத்தது.

வெளிய வந்தா, கோமளா தலைதலையா அடிச்சிக்கறா. "நீங்க எதுக்குய்யா உள்ள போனீங்க? எதுக்குய்யா போனீங்க?"ன்னு. அந்தப் பெனிட்டாம்மா செவுத்துப் பக்கம் திரும்பி நின்னுகிச்சு. டாக்டருங்க, நோவு இருக்கறதாச் சொல்ல முடியலன்னு எழுதிட்டாங்க. நான் பெருமையாத்தான் ஊருக்கு வந்தன். எங்க ஊட்டுக்காரியாண்ட சொன்னன். அவ சாப்புட்ட தட்டைத் தூக்கிகினு உள்ள போயிட்டா.

அப்புறமா? அப்புறம் முனிரத்தினம் அந்த மனநல டாக்டரைப் பாக்கமாட்டேன்னுட்டான். பேச்சு நின்னுடுச்சு. பொங்கலுக்கு முன்னால ஒரு நாளு, துண்டை வெச்சிகினு, ஜன்னல் கம்பியில... வார்டரு பாத்துட்டாரு. உயிருக்கு ஒண்ணியும் இல்ல. கழுத்துல ஒரு தடம், அவ்வளவுதான். நான் ஓடிப்போய் மனு போட்டன். வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டான். அடுத்த வாரமும் போட்டன். வரல. வாராவாரம் போறன் தம்பி. நாற்காலி போடுவாங்க, உக்காந்திருப்பன், நேரம் முடிஞ்சதும் எழுந்து வந்துடுவன். என் ஆளு என் முகத்தைப் பாக்கமாட்டேன்றான். யாரோ அவன் மனசைக் கெடுத்து வெச்சிருக்கறாங்க. இல்லன்னா ஏன்?

இப்ப அந்தப் பெனிட்டாம்மா கோர்ட்டுல எழுதிப் போட்டு, இன்னொரு தடவை டாக்டருங்க பாக்கணும்னு உத்தரவு வாங்கிடுச்சு. இன்னிக்குத்தான். இதையும் வுட்டா இன்னொரு வாய்ப்பு இல்லன்னு சொல்றாங்க. அதுக்குத்தான் நேத்து கோமளா வந்து நின்னா. உள்ள வாம்மான்னா வரல. நின்னுகினே சொன்னா: "நாளைக்கு நீங்க வராதீங்க அய்யா. இல்ல, வரதுன்னா அந்தக் கோட்டு வாணாம். சாதாரணமா ஒரு சட்டை போட்டுகினு வாங்க. வந்து, அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'எனக்கும் தூக்கம் வரலடா முனி, எனக்கும் சரியா இல்லடா'ன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு பேசுவாரு. உங்களுக்கு மட்டும்தான் அவரு கட்டுப்படுவாரு."

எனக்கு வந்துது பாருங்க கோவம்! "எனக்குத் தூக்கம் வரலன்னு உனக்கு எவன் சொன்னான்?"ன்னன். அவ திரும்பி எங்க ஊட்டுக்காரியைப் பாத்தா. எங்க ஊட்டுக்காரி அடுப்பங்கரை வாசப்படியில நின்னுகினு இருக்கறா, தலை கூடக் குனியல. "நான்தான் சொன்னன். கழுத்தைப் புடிச்சதையும் சொன்னன். பொய்யா?"ன்றா. நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணவ! படுக்கையறை விஷயத்தை வெளிய போட்டு ஒடைச்சிட்டா. நான் அவளாண்ட பேச்சை நிறுத்திட்டன். காலையில காப்பி கூடக் குடிக்கல. நானே அயர்ன் பாக்ஸ் போட்டு, நானே கோட்டைத் தேச்சி, கெளம்பி வந்துட்டன். போகத்தான் போறன். கோட்டுப் போட்டுத்தான் போவன். நான் ஏன் பொய் சொல்லணும்? சரியா இருக்கறவனை சரியா இல்லன்னு சொல்லச் சொன்னா அது...

வண்டி ஏன் நின்னுடுச்சு? முன்னால இன்னா கூட்டம்? எட்டிப் பாருங்க தம்பி. சாவா? ஓ. பூப்பல்லக்கு. போவட்டும், போவட்டும், நேரம் இருக்குது. நான் இன்னா சொல்லிகினு இருந்தன்? கோமளா. அவளுக்கு நான் இன்னா கொறை வெச்சன்? பென்ஷன் வாங்கிக் குடுத்தன், கார்டு வாங்கிக் குடுத்தன். அந்த ஜன்னலைச் சாத்துங்க, பொகை வருது. கண்டக்டர், வேற வழி இல்லையாப்பா? சந்துல வுட்டு எடுக்கச் சொல்லு. யாரோ குனியறான் பாருங்க அங்க, ரோட்டுல, கையில ஊதுவத்தி வெச்சிகினு. ஏய், வாணாம்னு சொல்லு அவனாண்ட. ஏய்...

குனி! குனி! தலையைக் கீழ போடு! டிரைவர், வண்டியைப் பின்னால எடு, பின்னால எடுடா! யாரும் எழுந்திருக்காதீங்க! கோபி, படுடா, படு...

...

ஒண்ணியும் இல்ல. ஒண்ணியும் இல்லம்மா, நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க, இன்னா வேடிக்கை இங்க. சரவெடி. எனக்குத் தெரியும் சரவெடின்னு. தெரியாமலா?

எனக்கா? எனக்கு இன்னா தம்பி. தண்ணி வாணாம். நல்லாத்தான் இருக்கறன். சப் டீக். சப் டீக் ஹை...

...

அவனும் இப்படித்தான் சொன்னான். கண்ணுல தண்ணி வழிய வழிய.

வண்டி எடுத்துட்டாரா? ஜெயில் ஸ்டாப்பிங்கா? எறங்கணும். கண்டக்டர், கொஞ்சம் நிறுத்தி வைப்பா, ஆளு எறங்கணும். இருங்க. இது யாரு கை? உங்க கையா? அய்யோ, செவந்துபோச்சே. எப்பப் புடிச்சன்? வுட்டுடறன், வுட்டுடறன். வர மாட்டேங்குது தம்பி. என் வெரலுதான், என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. இழுக்காதீங்க. இழுத்தா இன்னும் இறுகும். சுண்டு வெரல்ல இருந்து எடுங்க. ஒவ்வொண்ணா. மெல்ல, ஏதாவது பேசிக்கினே எடுங்க. உங்க ஊரு எது? ஏரி இருக்குதா உங்க ஊர்ல?

கோட்டா? கீழ வுழுந்துடுச்சா? கெடக்கட்டும் தம்பி. மொதல்ல இந்த வெரலு.